தானாகவும் திறக்கும் கதவு

நல்ல பாம்பு கடித்தவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்தால், மருத்துவர் கடிவாயைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார். "மேலே பாருங்க, கண்ணை நல்லாத் திறங்க" என்பார். இமை பாதியிலேயே நின்றுவிட்டால் விஷம் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்துப் பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓயும். சுற்றி நிற்பவர்களுக்கு அவர் நினைவிழந்து கிடப்பதாகத் தோன்றும். பல நேரங்களில் அவருக்கு நினைவு இருக்கும். அழுகைச் சத்தம் காதில் விழும், பதில் சொல்ல மனசு எழும். மூளை சொல்கிறது, நரம்பு அதைத் தசையின் வாசல்வரை கொண்டுவந்து சேர்க்கிறது. தசையும் உயிரோடுதான் இருக்கிறது. நேராக மின்சாரம் கொடுத்தால் துடிக்கும். ஆனாலும் இமை எழாது.

பழுது நடுவில் இருக்கிறது என்று முதலில் காட்டியவர் கிளாட் பெர்னார்ட். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவும் க்யூராரே நஞ்சை 1850களில் அவர் தவளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நரம்பைத் தூண்டினால் தசை அசையவில்லை. தசையையே தூண்டினால் அசைந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 1905-இல், கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி இன்னும் ஒரு படி போனார். கோழியின் தசைக்கு வரும் நரம்பை அறுத்து, அது முற்றிலும் அழியும்வரை காத்திருந்து, பிறகு அந்தத் தசைமேல் நிக்கோட்டினை வைத்தார். நரம்பே இல்லாத தசை சுருங்கியது. க்யூராரேயை வைத்ததும் சுருக்கம் தளர்ந்தது. இரண்டு நஞ்சுகளும் மல்லுக்கு நிற்கும் இடம் தசையின் பக்கமே இருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, கண்ணால் காணாத அந்த ஒன்றுக்கு 'ஏற்கும் பொருள்' என்று பெயர் வைத்தார். அது இருப்பதையே பல அறிஞர்கள் நீண்ட காலம் நம்பவில்லை. நரம்பிலிருந்து வரும் தூது அசிட்டைல்கோலின் என்ற சிறு மூலக்கூறு என்பது உறுதியான பிறகும், அதை வாங்கிக்கொள்வது யார் என்பது கணக்கில் வரும் ஓர் எழுத்தாகவே இருந்தது.

அதைக் கையில் பிடித்துக் கொடுத்தது பாம்பு. தாய்வானில் வாழும் ஒருவகைக் கட்டுவிரியனின் நஞ்சிலிருந்து சென்-யுவான் லீயும் சுவான்-சியுங் சாங்கும் 1963-இல் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது லாங்லியின் 'ஏற்கும் பொருளை' மட்டும் தேடிப்போய் ஒட்டும்; ஒட்டினால் எளிதில் விடாது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ழான்-பியேர் ஷாஞ்சே 1970-இல் லீயிடமிருந்து அந்த நஞ்சைப் பெற்று, மின்விலாங்கின் உடலிலிருந்து அந்த 'ஏற்கும் பொருளை', இன்றைய பெயரில் ஏற்பியை, தூண்டில் போட்டு இழுத்ததுபோலப் பிரித்தெடுத்தார். மின்விலாங்கும் மின்திருக்கையும் இந்த ஆராய்ச்சிக்குள் வந்தது தற்செயலாக இல்லை. அவற்றின் மின் உறுப்பு என்பதே சுருங்குவதை மறந்துபோன தசைதான். நம் தசை நாரில் ஒரு புள்ளியில் மட்டும் இருக்கும் ஏற்பிகள் அங்கே அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கின்றன.

சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், விஷமுறிவு மருந்து தயாரிக்க நஞ்சு எடுத்துக் கொடுக்கிறது. அங்கே எடுக்கும் நல்ல பாம்பின் நஞ்சிலும் இதே குடும்பத்துப் புரதம் இருக்கிறது. பாம்பைச் சொன்னால் கீரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. சண்டை முடிந்ததும் கீரி ஏதோ பச்சிலையில் புரண்டு விஷத்தை முறித்துக்கொள்ளும் என்று ஊரில் சொல்வார்கள். 1992-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கீரியின் ஏற்பியைப் பிரித்துப் பார்த்தபோது, பச்சிலை அதன் புரதத்திலேயே எழுதியிருந்தது. நஞ்சு ஒட்டும் இடத்தில் சில அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. ஒரு சர்க்கரைச் சங்கிலியும் குறுக்கே நின்றது. பருத்த நஞ்சுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. சிறிய அசிட்டைல்கோலின் வழக்கம்போல வந்து போனது. தன் நஞ்சு தன்னையே தாக்காதபடி நல்ல பாம்பின் ஏற்பியிலும் இதுபோன்ற ஒரு மாற்றம் உண்டு.

இனி அந்த ஏற்பியின் அருகே போய்ப் பார்க்கலாம். ஐந்து புரதச் சங்கிலிகள் வட்டமாக நிற்கின்றன. மொத்தம் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்கள். உயரம் 16 நானோமீட்டர். மேல்பாதி நரம்பை நோக்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நடுப்பகுதி தசைச் செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் புதைந்திருக்கிறது, அடிப்பகுதி உள்ளே தொங்குகிறது. ஐந்துக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு துளை. அதனால்தான் இது ஏற்பியும் ஆகிறது, அயனிக் கால்வாயும் ஆகிறது. தூதை வாங்குவதும் வழி விடுவதும் ஒரே புரதம்.

இந்தக் கதையில் என்னை முதலில் நிறுத்திய விவரம் ஒன்று உண்டு. அசிட்டைல்கோலின் அந்தத் துளைக்குள் போவதே இல்லை. துளையின் பக்கமாக, வெளிச்சுவரில், இரண்டு சங்கிலிகள் சந்திக்கும் மடிப்பில் அதற்கு இடம். அப்படி இரண்டு இடங்கள். கதவோ அங்கிருந்து 5 நானோமீட்டருக்கு மேல் கீழே, சவ்வின் நடுவில் இருக்கிறது. மூலக்கூறுகளின் உலகில் அது பெருந்தொலைவு. அசிட்டைல்கோலினைப் போல ஐந்தாறு மூலக்கூறுகளை வரிசையாகப் படுக்கவைக்கலாம். தூதுவன் கதவைத் தொடுவதே இல்லை. எங்கேயோ ஓர் ஓரத்தில் போய் உட்காருகிறான், வேறெங்கோ வழி திறக்கிறது. இடையில் பயணம் செய்வது ஒரு வடிவ மாற்றம் மட்டுமே.

அந்த இருக்கையைச் சுற்றி டிரிப்டோபான், டைரோசின் என்ற தட்டையான வளையங்கள் கொண்ட அமினோ அமிலங்கள் சுவர்போல நிற்கின்றன. அசிட்டைல்கோலினின் ஒரு முனையில் நேர்மின்னேற்றம் உண்டு. வளையத்தின் தட்டையான முகத்தில் எலெக்ட்ரான்கள் மேகமாகப் பரவியிருப்பதால் அந்த முனை அங்கே ஈர்க்கப்படுகிறது. அது அமர்ந்ததும், வெளிப்பக்கம் விரிந்து நின்ற ஒரு புரத மடல் உள்பக்கமாக மடிந்து அதை மூடுகிறது. அந்த மடிப்பு மேல்பாதி முழுவதையும் சற்றே சாய்த்துத் திருப்புகிறது. மேல்பாதியின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சில வளைவுகள், சவ்வுக்குள் இருக்கும் சுருள்களின் தலையைத் தொட்டுக்கொண்டு நிற்பவை. அவை நகர்ந்ததும் துளையைச் சுற்றியுள்ள ஐந்து சுருள்களும் வெளிப்புறமாகச் சாய்கின்றன. நகர்வு எவ்வளவு? சில ஆங்ஸ்ட்ராம். ஒரு மில்லிமீட்டரைக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.

மேலே மூடுகிறது, அதனால் கீழே திறக்கிறது. பாம்பு நஞ்சு செய்வது இதன் நேரெதிர். அந்தப் புரதத்துக்கு விரல் போன்ற நீட்சிகள் உண்டு. அதில் ஒன்றை மடலுக்கு அடியில் நுழைத்து மடிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. மேலே மூட முடியாததால் கீழே திறக்க முடிவதில்லை. இமை விழுகிறது.

கீழே இருக்கும் கதவு நாம் நினைப்பதுபோல ஒரு பலகையும் இல்லை. மூடிய நிலையிலும் துளை முழுக்க அடைபடுவதில்லை. அதன் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 6 ஆங்ஸ்ட்ராம் அகல இடைவெளி இருக்கிறது. சோடியம் அயனியின் குறுக்களவு 2 ஆங்ஸ்ட்ராம்தான், நுழைந்து போய்விடலாம். ஆனால் அயனி தண்ணீரை விட்டுத் தனியாக வராது. தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளைப் போர்த்திக்கொண்டே வரும். அந்தக் குறுகிய இடத்தில் லூசின், வேலின் என்ற எண்ணெய்த்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் வளையம் கட்டி நிற்கின்றன. அவை நனையாது. தண்ணீர் அங்கே நிற்க விரும்பாது, போர்வையைக் கழற்ற அயனிக்கும் மனசில்லை. வழி திறந்தே இருக்கிறது, ஆனால் வறண்டு கிடக்கிறது. சுருள்கள் சில ஆங்ஸ்ட்ராம் விலகினால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். அதன்பின் விநாடிக்கு ஒரு கோடி என்ற வேகத்தில் அயனிகள் பாயும். திறப்பது என்றால் இங்கே நனைவது.

இத்தனைக்கும் புரதச் சங்கிலியில் எந்தக் கட்டும் முறிவதில்லை, புதுக் கட்டு எதுவும் பிறப்பதில்லை. சில இணைப்புகளைச் சுற்றிச் சங்கிலி சற்றுத் திரும்புகிறது. எந்தக் கோணம்வரை அது திரும்பலாம், எங்கே அணுக்கள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும் என்று எல்லை வகுத்தது சென்னைப் பல்கலைக்கழகம். ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம் இன்றைக்கும் உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தையும் சரிபார்க்கும் உரைகல். இந்த ஏற்பியின் அசைவும் அந்த வரைபடத்தில் அனுமதிக்கப்பட்ட பகுதிக்குள்தான் நடந்தாக வேண்டும்.

அசைவைப் படம் பிடித்த விதம் தனிக்கதை. கேம்பிரிட்ஜில் நைஜல் அன்வின், மின்திருக்கையின் ஏற்பிகள் ஒழுங்காக அடுக்கிய சவ்வுக் குழாய்களை ஒரு மெல்லிய வலையில் ஏந்தி, கடுங்குளிரில் இருக்கும் திரவ ஈத்தேனுக்குள் விழ வைத்தார். விழும் வழியில் அதன்மேல் அசிட்டைல்கோலின் துளிகளைத் தெளித்தார். தெளிப்புக்கும் உறைவதற்கும் இடையே சில மில்லி விநாடிகள். மூடிய நிலையில் ஒரு படம், தெளித்தபின் உறைந்த நிலையில் ஒரு படம். 1995-இல் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான், தூதை வாங்கிய ஏற்பி எப்படி உருமாறுகிறது என்பதை முதல்முறை காண முடிந்தது. அதன் துல்லியம் இன்றைய அளவுகோலில் குறைவு. பொறுமையின் அளவுகோலில் அதற்கு இணை குறைவு.

இதுவரை சொன்னதைக் கேட்டால் ஓர் இயந்திரம்போல இருக்கும். தூது வந்தது, மடல் மூடியது, சுருள் சாய்ந்தது, துளை திறந்தது. பாடப்புத்தகமும் இப்படித்தான் சொல்லும், கூடவே பூட்டும் சாவியும் வரைந்து காட்டும். நொதிகளுக்காக 1894-இல் எமில் ஃபிஷர் சொன்ன அந்த உவமை, பொருத்தத்தை விளக்கப் போதும். செயலை விளக்க வரும்போது அது நம்மை ஏமாற்றிவிடுகிறது.

லண்டனில் பெர்னார்ட் காட்ஸும் ஹோசே தெல் காஸ்தியோவும் 1957-இலேயே இதில் சந்தேகத்தைக் கிளப்பினார்கள். ஏற்பியில் போய் அமர்வது ஒன்று, ஏற்பி திறப்பது வேறொன்று. இரண்டையும் தனித்தனிப் படிகளாக எழுதினால்தான் கணக்கு ஒத்துவரும் என்றார்கள். அசிட்டைல்கோலின் உடைந்தால் மிஞ்சும் கோலினும் அதே இடத்தில் உட்காரத்தான் செய்கிறது. ஆனால் கதவு அரிதாகவே திறக்கும். க்யூராரே உட்காரும், கதவு அசையாது. பூட்டுக்குள் நுழைந்த சாவி ஏன் பாதி நேரம் திரும்ப மறுக்கிறது?

1976-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் எர்வின் நேஹரும் பெர்ட் சாக்மனும் மெல்லிய கண்ணாடிக் குழாயின் நுனியைத் தவளைத் தசையின் சவ்வில் அழுத்தி வைத்தார்கள். நுனிக்குள் அகப்பட்டது ஓரிரு கால்வாய்கள். காகிதத்தில் கோடு நேராக ஓடியது. திடீரென்று ஒரு படி கீழிறங்கி, சற்று நின்று, மறுபடி பழைய இடத்துக்கே ஏறியது. சில பிகோ ஆம்பியர் மின்னோட்டம். உயிருள்ள தசையின் சவ்வில் ஒற்றைக் கால்வாய் ஒன்று வேலை செய்வதை மனிதர்கள் முதல்முறை பார்த்தார்கள். படிகள் எல்லாம் ஒரே உயரம். பாதி திறப்பு என்று ஒன்று இல்லை. ஆனால் அகலம் ஒன்றைப்போல ஒன்று இல்லை. ஒன்று ஒரு மில்லி விநாடி நிற்கும், அடுத்தது ஐந்து, அதற்கடுத்தது கண்ணில் படும் முன்பே முடியும். எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று எந்தக் கணிதத்தாலும் சொல்ல முடியாது. சராசரியை மட்டும் சொல்லலாம்.

பிறகு 1984-இல் மேயர் ஜாக்சன் ஒரு காரியம் செய்தார். அசிட்டைல்கோலின் கொடுக்காமலே பதிவுசெய்தார். கோடு நேராக ஓடியது. வெகுநேரம் கழித்து ஒரு படி. அதே உயரம், அதே வடிவம். யாரும் தட்டவில்லை, கதவு திறந்து மூடிக்கொண்டது. மிக அரிது, ஏறக்குறைய பத்து லட்சம் கணத்தில் ஒரு கணம். அரிதாக இருந்தாலும் அந்த ஒற்றைப் படி எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிட்டது. சாவி என்பது கதவுக்குத் தெரியாத ஒன்றைக் கதவிடம் செய்விப்பது. இந்தக் கதவுக்கோ திறக்க ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

உடல் வெப்பத்தில் எந்த மூலக்கூறும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் மூலக்கூறுகள் இடைவிடாமல் எல்லாப் பக்கமும் வந்து மோதுகின்றன. புரதம் ஓயாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு எட்டிப் பார்க்கிறது. ஆடிக் காற்றில் படபடக்கும் கொல்லைக் கதவை நினைத்துக்கொள்ளலாம். அசிட்டைல்கோலின் அதன் இடுக்கில் நாம் வைக்கும் கல். திறப்பது காற்று, கல் திறந்ததை நிறுத்தி வைக்கிறது. உவமை ஓர் இடத்தில் நொண்டுவதையும் சொல்லிவிட வேண்டும். அசிட்டைல்கோலின் மூடிய ஏற்பியிலேயே போய் அமரும், அமர்ந்ததும் திறக்கும் வேகமும் பெருமளவு கூடும். ஆனாலும் அடிப்படை அதுதான். பத்து லட்சத்தில் ஒன்றாக இருந்த திறந்த நிலையை, இரண்டு சிறு மூலக்கூறுகள் பத்தில் ஒன்பதுக்கும் மேலாக உயர்த்துகின்றன. புதிய வடிவம் எதையும் அவை தருவதில்லை. ஏற்பியிடம் இருந்த வடிவங்களில் ஒன்றின் பக்கம் தராசைச் சாய்க்கின்றன. ழாக் மோனோ, ஜெஃப்ரிஸ் வைமன் இருவரோடும் சேர்ந்து ஷாஞ்சே 1965-இல் புரதங்களைப் பற்றி எழுதிய கொள்கையின் சாரம் இது. ஏற்பி அவர் கைக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே எழுதியது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதிகம் பேசப்படாதது. அசிட்டைல்கோலின் திறந்த வடிவத்தை விரும்புகிறது என்றால், திறந்த வடிவமும் அசிட்டைல்கோலினை அதே அளவு விரும்பியாக வேண்டும். இயற்பியல் இதில் கடன் வைக்க விடாது. மூடிய ஏற்பி அதைத் தளர்வாகப் பிடிக்கிறது. திறந்த ஏற்பி பல ஆயிரம் மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. கதவைத் திறக்க எங்கிருந்து ஆற்றல் வந்தது என்று கேட்டால் விடை அந்த இறுக்கம்தான். வேறு எரிபொருள் எதுவும் இங்கே செலவாகவில்லை. தூதுவன் ஏற்பியை மாற்றினான் என்று சொல்வது எவ்வளவு உண்மையோ, மாறிய ஏற்பி தூதுவனைப் பிடித்து வைத்தது என்பதும் அவ்வளவு உண்மை. யார் யாரை ஆண்டார்கள் என்று பிரிக்கப் போனால் கோடு எங்கேயும் விழாது.

இறுக்கம் நீண்டால் ஏற்பி மூன்றாவதாக ஒரு வடிவத்துக்குப் போய்விடும். தூது இருக்கையிலேயே உட்கார்ந்திருக்கும், முன்னைவிட இறுக்கமாகவும் இருக்கும். கதவு மட்டும் மூடிக்கொள்ளும். மரத்துப்போவது என்கிறோமே, அதுதான். இதையொத்த ஒன்றை மயக்க மருத்துவர்கள் கண்ணெதிரே பார்க்கிறார்கள். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும் முன் அவர்கள் போடும் சக்சமெத்தோனியம், இரண்டு அசிட்டைல்கோலினை முதுகோடு முதுகு ஒட்டிவைத்த மருந்து. ஊசி போட்ட சில விநாடிகளில் நோயாளியின் முகத்திலும் கழுத்திலும் தோலுக்கடியில் சிற்றலைகள் ஓடும். மார்பில் இறங்கி, கெண்டைக்கால்வரை போகும். திறக்கச் சொன்ன செய்திக்கு ஒவ்வொரு தசையும் பதில் சொல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கி உடல் துவண்டுவிடும். செய்தி நின்றதால் இல்லை, நிற்காமல் வந்ததால். வயலில் ஆர்கனோபாஸ்பரஸ் மருந்து தெளிப்பவர் முகமூடி இல்லாமல் அதைச் சுவாசித்து, அளவு மிஞ்சினால் தசைகளில் நடப்பதும் இதன் இன்னொரு உருவம். வழக்கமாக ஒவ்வொரு செய்திக்குப் பின்னும் இடைவெளியைத் துடைத்துச் சுத்தமாக்கும் நொதி ஒன்று உண்டு. விநாடிக்கு ஆயிரக்கணக்கில் அசிட்டைல்கோலினை உடைக்கும். பூச்சிமருந்து அதை முடக்கிவிடுகிறது. சொல்லுக்குப் பின் மௌனம் இல்லையென்றால் அடுத்த சொல் காதில் விழாது.

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு பழைய பேச்சை என்னால் முன்புபோல இயல்பாகச் சொல்ல முடிவதில்லை. மூளை கட்டளையிடுகிறது, தசை கீழ்ப்படிகிறது என்கிறோம். உடலை ஓர் அரண்மனையாகவும் மூளையை ராஜாவாகவும் வைத்துப் பேசுவது நமக்குச் சௌகரியம். ஆனால் அந்தக் கட்டளை தசையைத் தொடும் இடத்தில் போய் நின்று பார்த்தால், அங்கே கட்டளை என்று எதுவும் இல்லை. ஒரு சாய்வு இருக்கிறது, அவ்வளவுதான். தூது வந்தும் திறக்காத கால்வாய்கள் இருக்கின்றன. வராமலே திறந்தவையும் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தற்செயல். ஒரு தசை நாரின் சந்திப்பில் இப்படிக் கோடிக்கு அருகில் ஏற்பிகள். நரம்பு ஒருமுறை துடித்தால் சில பத்துப் பொட்டலங்கள் உடைகின்றன. பொட்டலத்துக்குச் சில ஆயிரம் அசிட்டைல்கோலின். பல்லாயிரம் கால்வாய்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறக்கின்றன. அதில் எவை திறந்தன, எவை திறக்கவில்லை என்பது முக்கியமில்லாமல் போய்விடுகிறது. விரலை மடக்க நினைத்தால் விரல் மடங்குகிறது. நூறு முறை நினைத்தால் நூறு முறையும். நாம் உறுதி என்று நம்பியிருப்பது, எதையும் உறுதியாகச் செய்யத் தெரியாத கோடிப் பேரின் கூட்டுத்தொகை. அடியில் எங்கேயும் கீழ்ப்படிதல் இல்லை, எண்ணிக்கை இருக்கிறது.

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நோயே இருக்கிறது. 1973-இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பாட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ரமும் மின்விலாங்கின் ஏற்பியை முயல்களுக்கு ஊசியாகப் போட்டார்கள். எதிர்ப்பொருள் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். எதிர்ப்பொருள் உண்டானது. கூடவே முயல்கள் தளர்ந்து சரிந்தன. தன் எதிர்ப்பொருளே தன் தசையின் ஏற்பிகளையும் தாக்கியது. மனிதர்களுக்கு வரும் மயஸ்தீனியா கிராவிஸ் இதேதான் என்பது அதன்பின் தெளிவானது. இந்த நோயில் மிச்சமிருக்கும் ஏற்பிகளில் பெரும்பாலானவை நன்றாகவே திறக்கின்றன, மூடுகின்றன. ஆனால் அவை போதாது. இயல்பான உடலில் தேவைக்கு மேல் இரண்டு மூன்று மடங்கு கையிருப்பு உண்டு. அது கரைந்ததும் தற்செயல் வெளியே தலைகாட்டுகிறது. காலையில் சீப்பைத் தூக்கிய கை மாலையில் தோளுக்கு மேல் எழ மறுக்கிறது. 1934-இல் லண்டனில் மேரி வாக்கர் என்ற மருத்துவர், இந்த நோயாளிகள் க்யூராரே கொடுத்தவர்கள்போல இருக்கிறார்களே என்று கவனித்து, க்யூராரேயை முறிக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். துடைக்கும் நொதியைத் தடுக்கும் மருந்து அது. தூது சற்று அதிக நேரம் தங்கியது, இருக்கும் கொஞ்சம் கதவுகளுக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைத்தது. அதே வழியில் வேலை செய்யும் மாத்திரையை இன்றும் இந்த நோய்க்குத் தருகிறார்கள்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆண்ட்ரூ எங்கெல் வேறொரு வகைக் குடும்பங்களைப் பார்த்தார். அவர்களுக்கும் தசைத் தளர்ச்சிதான், ஆனால் அது பரம்பரையாக வந்தது. எதிர்ப்பொருள் இல்லை, மேரி வாக்கர் வழி மருந்து கொடுத்தால் நிலைமை மோசமானது. ஒற்றைக் கால்வாயின் பதிவில் விடை இருந்தது: படிகள் அகலமாக இருந்தன. துளையைச் சுற்றியுள்ள சுருளில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் திறந்த வடிவம் தேவைக்கு மேல் நிலைத்துவிட்டது. சில குடும்பங்களில் கதவுகள் அழைப்பே இல்லாமலும் அடிக்கடி திறந்தன. மூடாத கதவு வழியாகக் கால்சியம் ஓயாமல் புகுந்து, சந்திப்பின் அடியில் இருக்கும் தசையையே அரித்தது. இந்த நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்துகளில் ஒன்று ஃப்ளுவாக்ஸெடின், மனச்சோர்வுக்கு எழுதித் தரும் அதே மாத்திரை. அது ஏற்பியின் இருக்கையில் போய் உட்காருவதில்லை, வடிவத்தைத் திருத்துவதும் இல்லை. துளை திறந்திருக்கும்போது உள்ளே போய்ச் சற்று நேரம் வழியை மறித்து நிற்கிறது, பிறகு வெளியே வந்துவிடுகிறது.